அரைக் கட்டை

1986 ஜனவரி 14, வின்னிபெக்

எஞ்சின் உறையாமலிருக்க வேனின் ஹீட்டர் வயரை பிளக்கில் செருகிவிட்டு வருவதற்குள் மூக்கு விறைத்துவிட்டது. ரேடியோவில் மறுபடியும் எங்கள் பாட்டு. போன வருஷம் சாராயக்கடை மூலையில் வாசித்த எங்களை இப்போது ஊர் ஊராகக் கூப்பிடுகிறார்கள். எல்லோருக்கும் பாட்டின் முடிவில் வரும் என் உச்சஸ்தாயிதான் வேண்டும். காலையில் பாடிப் பார்த்தேன். வெறும் காற்று. குளிர்தான் காரணம். வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 2, ரெஜைனா

இன்றும் வரவில்லை. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினேன், அவர்களே பாடினார்கள். கிட்டார் வாசிக்கும் லார்ன் கண்டுபிடித்துவிட்டான்.

"சுருதிய அரைக் கட்டை இறக்கிக்கலாம்டா டார்சி. எவனுக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்" என்றேன். பெரிய ரோஷக்காரன்!

பிப்ரவரி 11

குரல்நாணில் முடிச்சாம். பாடுவதை நிறுத்தாவிட்டால் குரலே போய்விடும் என்கிறார் டாக்டர். அடுத்த மாதம் டொராண்டோவில் பெரிய மேடை. யாரிடமும் சொல்லவில்லை. பயமாயிருக்கு.

மார்ச் 8, டொராண்டோ

உச்சத்துக்கு வாயைத் திறந்தேன் — ஒன்றுமே வரவில்லை. ஆனால் அரங்கம் முழுக்க என் குரல்! நான் பாடலியே. அப்ப பாடினது யாரு?

கீபோர்டு வாசிக்கும் மார்செல் கண்ணடித்தான். ரெக்கார்டிலிருந்து என் குரலை எடுத்துத் தன் புதுக் கீபோர்டில் ஏற்றி வைத்திருக்கிறான். ஒரு கட்டையை அமுக்கினால் நான்.

"இனிமே உனக்கென்ன கவல? வாய மட்டும் அசை, ராசா."

"அப்ப இவன் எதுக்குடா?" என்று லார்ன் கத்தினான்.

எனக்கும் அதே பயம்தான்.

மார்ச் 15, ஹாமில்டன்

பாட்டு முடிகிற நேரத்தில் லார்ன் போய்க் கீபோர்டின் வயரைப் பிடுங்கிவிட்டான். உச்சம் வர வேண்டிய இடத்தில் நிசப்தம். நானே பாடிவிடலாமென்று முக்கினேன். தொண்டைக்குள் ஏதோ அறுந்தது. முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு கூட்டமே. மேடைக்குப் பின்னால் லார்னும் மார்செலும் கட்டிப் புரண்டார்கள். எங்கள் குழு அத்தோடு முடிந்தது.

மார்ச் 16

காபிகூட எழுதிக் காட்டித்தான் வாங்கினேன்.

செப்டம்பர் 20

லார்ன் போன் செய்தான். எனக்கு இன்னும் கிசுகிசுப்புதான். மார்செல் கீபோர்டை விற்றுவிட்டானாம்.

"உள்ள இருந்தத அழிச்சானா?"

"கேக்கலியேடா."

நவம்பர் 29, பிராண்டன்

அக்கா வீட்டுக்கு வந்தவன் பியர் குடிக்கப் போனேன். உள்ளூர்க் குழு ஒன்று எங்கள் பாட்டை அரைக் கட்டை இறக்கி வாசித்தது. முடிவில் பாடுகிற பையன் வாயைத் திறந்தான், கீபோர்டுக்காரி ஒரு விரலை வைத்தாள். என் குரல். அதுவும் அரைக் கட்டை இறங்கி, சொன்னபடி கேட்டு வந்தது.

"பையன் என்னமாப் பாடறான், பாத்தீங்களா?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

தலையாட்டினேன்.