ஒதுக்கிவைத்த சத்தம்

என் வீட்டுப் பாடகிக்கு,

நீயும் சின்னவளும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

புதிதாக ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வாங்கினேன். சும்மா சொல்லக்கூடாது, அசகாய சூரன்! நீ சமையலறையில் பாடி போனில் அனுப்பிய பாட்டை அதற்குள் போட்டேன். குக்கர் விசில், மிக்ஸி, சின்னவள் சிணுங்கல் எல்லாவற்றையும் தனியே பிரித்து இன்னொரு பதிவாக ஒதுக்கிவைத்துவிட்டு, உன் குரலை மட்டும் பளிங்கு மாதிரி எடுத்துக் கொடுத்தது.

கூடவே நானும் பாட நினைத்து, எதிரொலி வராமலிருக்க மைக்கோடு போர்வைக்குள் புகுந்தேன். அறைக்கூட்டாளி மாத்திரையோடு ஓடிவந்து, "என்னப்பா, காய்ச்சலா? இப்படி முனகுறே!" என்றார். என் சங்கீதத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான். பயப்படாதே, காய்ச்சல் இல்லை.

ஒன்று மட்டும் செய். அடுத்த முறை பாடும்போது கதவைச் சாத்தாதே, சின்னவளையும் அதட்டாதே. பாட்டு பிரமாதம்தான். ஆனால் நான் தினமும் போட்டுக் கேட்பது, சாஃப்ட்வேர் ஒதுக்கிவைத்த சத்தத்தைத்தான். உன் பாட்டில் அமுங்கிக் கிடந்த அம்மாவின் குரல் அதில் தெளிவாகக் கேட்கிறது: "அவன் சாப்பிட்டானான்னு கேளேன்டி."

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உன்,
போர்வை பாகவதர்

பி.கு.: சாப்பிட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.