காக்கைக்கு வைத்த சோறு

நவம்பர் 8, சனி
உறைபனி. கோழிக் கூட்டுக் கதவுக்கு அடியில் மண்ணைத் தோண்டி நுழைந்திருக்கிறது. கமலி, விமலி, டீச்சர், மூன்று கோழியும் போச்சு. டீச்சரின் ஒரு கால் மட்டும் பின்வாசல் மர டெக் படியருகே. பின்காட்டு நரிதான், வேறு யார்.

வேலை போன ஏழு மாதத்தில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியது அந்த மூன்றும்தான்.

சுதா: "விடுங்க, அதுக்கும் வயிறு இருக்குல்ல." பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது. நிலா ஹாஸ்டலிலிருந்து: "அப்பா, இட்ஸ் எ ஃபாக்ஸ். தட்ஸ் வாட் தே டூ."

செய்ய வேண்டியவை: பால். மண்வெட்டி கழுவ. பத்மாவின் மனுவிலிருந்து கையெழுத்தை வாபஸ் வாங்க. பின்காட்டில் நரி வேட்டைக்குத் தடை கேட்கும் மனு. முதல் கையெழுத்தே என்னுடையது. புத்தி கெட்டுப் போட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு
பத்மா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது வீடு.

"கூட்ட சரியா அடைக்காதது உங்க மிஸ்டேக் அங்கிள். ஹன்டிங் கிளப் ஆளுங்க கூண்டு வெச்சுப் பிடிச்சு, உள்ளயே வெச்சு சுடறாங்க. தெரியுமா?"

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன்."

அங்கிளாம். என்னைவிட நாலு வயதுதான் சின்னவள். இருக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்
மாலை குடியிருப்பு கிளப்ஹவுஸில் மனு மீது கூட்டம். வீட்டுக்கு ஒரு வோட்டு. சமோசா ஆறிப் போயிருந்தது.

பத்மா ஸ்லைடு போட்டாள். நரிக்குட்டி தூங்குது, நரிக்குட்டி விளையாடுது. பிறகு, "யாராவது நரிக்குச் சாப்பாடு போடறீங்களா? தீனி கிடைச்சாதான் வீட்டுப் பக்கம் வரும்." ஒரு கையும் உயரவில்லை. எவன் அந்த மடையன் என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

என் முறை. ஜிப்லாக் பையில் டீச்சரின் இறகு. மேஜையில் கொட்டிவிட்டு உட்கார்ந்தேன். மூன்று வோட்டு வித்தியாசத்தில் தடை தோற்றது. பார்க்கிங்கில் பத்மா அழுதுகொண்டிருந்தாள். பார்க்க நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன்.

நவம்பர் 16, ஞாயிறு
மழை. முழங்கால் வலி.

நரி எத்தனை மணிக்கு வருகிறது என்று ஹன்டிங் கிளப் ஆள் கேட்டான். அதற்காக வெள்ளிக்கிழமை டெக்கில் கேமரா மாட்டினேன். இன்று பார்த்தேன்.

காலை 7.10. நான் தட்டோடு வருகிறேன். கா கா என்று கூப்பிட்டு, பெஞ்சில் சோறு வைத்துவிட்டு உள்ளே போகிறேன். காக்கை ஒன்றுகூட இல்லை. 7.15. நரி. முன்னங்கால் இரண்டையும் பெஞ்சில் ஊன்றித் தின்கிறது. தட்டை நக்கி முடித்துவிட்டுப் போகிறது. சனியும் ஞாயிறும் ஒரே கதை.

கொரோனாவில் அப்பா ஊரில் போனபோது இங்கே அமெரிக்காவிலிருந்து ஃப்ளைட் இல்லை. கொள்ளி வைக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் காக்கைக்குச் சோறு. தட்டு தினமும் காலி. அப்பா வந்துவிடுகிறார் என்று சுதாவிடம் பெருமை அடித்திருக்கிறேன்.

அந்த மடையன் நான்தான்.

வீடியோவை அழித்தேன். பத்மா காதுக்குப் போனால் மானம் போகும். என் கோழியையும் தின்று, அப்பா சோற்றையும் தின்றிருக்கிறது. விட மாட்டேன்.

கிளப் ஆளிடம் நேரத்தையும் சோற்றையும் சொன்னேன், வைப்பது யார் என்று சொல்லவில்லை. வழக்கமாகத் தின்பதையே கூண்டுக்குள் வைக்கணும், அதே நேரத்தில், பழகின ஆளே வைக்கணும் என்றான்.

நவம்பர் 19, புதன். அமாவாசை
இன்டர்வியூ என்று பொய் சொல்லி சுதாவை விடியலிலேயே சமைக்க வைத்தேன். பருப்பு, வாழைக்காய், பாயசம். கிளப் ஆள் கொடுத்த கூண்டு டெக் படிக்குக் கீழே. சுதாவுக்குத் தெரியாது.

7.10. சோற்றில் நெய் விட்டுக் கூண்டுக்குள் வைத்தேன். நகர்ந்து நின்று கூப்பிட்டேன். கா, கா. புதரிலிருந்து நேராக என் குரலுக்கு வந்தது. இத்தனை வருஷமும் அப்படித்தான் வந்திருக்கும். கதவு விழுந்தது. கிளப் ஆளுக்கு மெசேஜ். பத்து மணிக்குத் துப்பாக்கியோடு வருகிறானாம்.

உள்ளே வந்தேன். காக்கை எடுக்காமல் சுதா இலை போட மாட்டாள்.

"அப்பா சாப்ட்டாரா?"

"சாப்ட்டார்."

இலை போட்டாள். கை கழுவும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கதவு விழுந்ததையே சட்டை செய்யாமல் அது இன்னும் தின்றுகொண்டிருந்தது.