பட்டாம்பூச்சிப் பெட்டிக்கு ஒரு சேலை

அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாகவே இருக்கிறேன். கோபம்தான் இன்னும் அடங்கவில்லை.

என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பெட்டியில் எலுமிச்சை இலை போட்டுப் புழு வளர்த்தார்களே, அவை கூடு கட்டிவிட்டன. நேற்று மேலதிகாரிகள் கேமராவோடு வந்தபோது ஒரு கூடு லேசாக விரிசல் விட்டிருந்தது. போட்டோ எடுப்பதற்குள் பட்டாம்பூச்சி வெளியே வந்தாக வேண்டுமாம்! எங்கள் தலைமை ஆசிரியர், "கொஞ்சம் கைகொடுத்தா சீக்கிரம் வந்துடும்" என்று நகத்தால் கூட்டைக் கிழித்துவிட்டார். சிறகு விரியாமலே காய்ந்துவிட்டது. நான் கத்தினால், "ஒரு பூச்சிக்கா டீச்சர் இவ்வளவு கோபம்?" என்று பல்லைக் காட்டுகிறார். மனுஷனா அவர்?

பிள்ளைகள் அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்துவிட்டு, "எப்ப டீச்சர் பறக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இனி அது பறக்கவே பறக்காது, அம்மா.

இன்னும் நான்கு கூடுகள் தொங்குகின்றன. பெட்டியின் வாயைத் துணி வைத்துத் தைத்துவிடப் போகிறேன். எவன் கை உள்ளே நுழைகிறது என்று பார்க்கிறேன். அதற்கு உன் பழைய நூல் சேலை ஒன்று வேண்டும். அங்கே துணியே கிடைக்காதா என்று கேட்காதே.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன். சேலையைத் துவைக்காமல், உன் வாசத்தோடு அனுப்பு.

உன் மகள்