அரைக்கட்டை ஏறும் இடம்

அக்கா மகளே,

இதை யாரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்தே தொடங்குகிறேன். நேற்று நான் சாக்ஸபோன் ஊதியதில் அரங்கத்தின் கூரை மூன்றடி எழும்பியது.

அந்த ஜாஸ் பாட்டின் கார்ட்ஸ் என்கிற சுரக்கூட்டுகள் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, நடுப்பகுதியில் சுருதி அரைக்கட்டை ஏறுகிறது என்று நீ எழுதித் தந்த தாளை, "காது இருக்கறவனுக்கு காகிதம் எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கிழித்தேனே, அதே பாட்டுதான். மனம்போன கற்பனையில் ஊதிக்கொண்டே நடுப்பகுதிக்கு வந்தேன். முதலில் நாற்காலிகள் ஓடின; ஆட்கள் பின்னால் ஓடினார்கள். டிரம்ஸ்காரர் கத்தினார்: "அண்ணே, பாட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுச்சு, நீங்க இங்கயே நிக்கிறீங்க!"

தாளைக் கிழித்த அன்று நீ எழுந்து விட்டுப்போன பியானோவைத் திரும்பிப் பார்த்தேன். மூடியே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. கிழிந்த தாளை ஒட்டிவைத்திருக்கிறேன். கூரை, நாற்காலி எல்லாம் புளுகு. திரும்பிப் பார்த்தது மட்டும் நிஜம்.

உன் தாய்மாமன்