ஆறு நாற்பதுக்கு வருகிறவர்

மார்ச் 4
மனைவி இணையத்தில் எழுதுகிற பக்கத்துக்கு நேற்று பதினொரு பேர் வந்திருக்கிறார்கள். கண் மருத்துவமனையில் பார்வை அளவு பார்க்கிறவள், சாயங்காலம் வந்து ஏதாவது எழுதுகிறாள். எனக்குப் பிழைப்பே சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான். அலமாரி மேல் சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் அவளுக்கு ஓர் இடம் அமைத்துக் கொடுத்தேன். என்ன எழுதுகிறாய் என்றால், "படிச்சுத்தான் பாருங்களேன்" என்பாள். படிக்கலாம். நேரம் வரட்டும்.

மார்ச் 9
சாப்பிடும்போது சொன்னாள். "யாரோ ஒருத்தர் தினமும் வந்து படிக்கறாங்க போல. விடிஞ்சதுமே எண்ணிக்கையில ஒண்ணு ஏறிடுது."
முகத்தில் ஒரு வெளிச்சம். என்னிடம் பேசும்போது அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று?

மார்ச் 10
சர்வரின் லாகைத் திறந்தேன். வந்துபோகிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி விழும். தினமும் காலை 6:40க்கு ஒரு வரி. ஆனால் கைபேசி இணைப்பு. முகவரி நாளுக்கு நாள் மாறுகிறது. ஒரே ஆளா, வேறுவேறா? குக்கி போட்டால் தெரிந்துவிடும். வருகிறவரின் கைபேசியில் ஓர் எண்ணை ஒட்டி அனுப்புவது. மறுபடி வந்தால் அந்த எண்ணோடுதான் வருவார். அமைப்புக் கோப்பில் இரண்டு வரி சேர்த்தேன்.
அவளிடம் சொல்லவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தானே.

மார்ச் 12
குக்கிக்குக் காலாவதி போட மறந்திருக்கிறேன். பிரவுசரை மூடியதும் எண் போய்விடுகிறது. நேற்று வந்தவரே இன்று புது ஆளாக நிற்கிறார். பதினைந்து வருடமாக இதே வேலை செய்கிறவன் விடுகிற தப்பா இது? ஒரு வருடம் என்று போட்டேன். லாகில் ஒவ்வொரு வரியிலும் எண் விழும்படியும் மாற்றினேன்.

மார்ச் 16
ஒரே ஆள்தான்.

மார்ச் 17
ஆறு நாற்பது — இனி அவன் பெயர் அதுதான் — புதிதாக வந்ததைப் படிக்கிறான். பிறகு தவறாமல் பழைய ஒன்றுக்குப் போகிறான். தலைப்பு, 'காத்திருந்தவன்'.
யார் காத்திருந்தவன்? நானில்லை. எங்கள் வீட்டில் காத்திருப்பது எப்போதும் அவள்தான். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். கை வரவில்லை. உள்ளே எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் இந்த வீட்டில் எப்படி உட்காருவது?

மார்ச் 20
அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையைக் கொடுக்கிற சாக்கில் மருத்துவமனைக்குப் போனேன். புது டாக்டர் ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "அந்த டாக்டர் காலையில சீக்கிரம் எழுந்துக்கற ஆளா?"
"எனக்கெப்படித் தெரியும்? என்ன ஆச்சு உங்களுக்கு?"
பேச்சை மாற்றினேன். எரிச்சல் அடங்கவில்லை.

மார்ச் 22
அந்த எண்ணைத் தடுத்துவிட்டேன். இனி அவனுக்கு 'அனுமதி இல்லை' என்று மட்டும் வரும்.

மார்ச் 23
6:40, 6:41, 6:43, 6:50. நான்கு தடவை முட்டிப் பார்த்திருக்கிறான். இன்று காபி நன்றாக இருந்தது.

மார்ச் 25
நேற்று ஒரே ஒரு தடவை. இன்று வரவில்லை.
"அவருக்குப் போரடிச்சிடுச்சு போல" என்றாள். இன்று எதுவும் எழுதவில்லை. 'எழுது' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மார்ச் 26
அவளுடைய அண்ணன் மருத்துவமனைக்குப் போன் செய்திருக்கிறார். என்னைக் கட்டிக்கொண்டாள் என்று ஆறு வருடமாகப் பேசாதிருந்த அண்ணன். "படிக்கக்கூட வேண்டாம்னுட்டியா பாப்பா?" என்று கேட்டாராம்.
வந்ததும் என் முன்னால் உட்கார்ந்தாள். "உங்களுக்குத் தெரியாம அந்தப் பக்கத்துல எதுவும் நடக்காது. சொல்லுங்க."
சொன்னேன். குக்கி, எண், தடுத்தது, எல்லாம். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
"காத்திருந்தவன்னு எழுதினது அண்ணனைப் பத்தி. ஸ்கூல் விட்டதும் எனக்காக வாசல்ல நிப்பான். முதல் வரியிலயே அண்ணன்னு இருக்கு." பிறகு, "யார் யார் படிக்கறாங்கன்னு இவ்வளவு பார்த்தீங்களே. நீங்க ஒண்ணுகூடப் படிக்கலையா?"
  

மார்ச் 27
தடையை எடுத்தேன். அந்த இரண்டு வரிகளையும் எடுத்தேன். சேர்ந்திருந்த லாகை அழித்தேன். அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2
எழுதியதையெல்லாம் வேறெங்கோ மாற்றிக்கொண்டாள். எங்கே என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தேன்.

ஏப்ரல் 13
அண்ணன் வந்தார். வாசலிலேயே மன்னிப்புக் கேட்டேன்.
"நீங்க தடுக்கலைன்னா நான் போன் பண்ணியிருக்க மாட்டேன், மாப்பிள்ளை. அதுக்காக நல்லது பண்ணீங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.
கூடத்தில் இருவரும் பழைய கதை பேசிச் சிரித்தார்கள். அதே எரிச்சல், அண்ணன் மேலேயே. வெட்கமாக இருந்தது. போய்ப் பாத்திரம் கழுவினேன்.

ஏப்ரல் 20
புது முகவரியைக் கேட்டேன்.
"எத்தனை பேர் வர்றாங்கன்னு பார்க்கவா?"
"படிக்க."
யோசித்தாள். மளிகைச் சீட்டின் ஓரத்தைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள். அந்தப் பக்கம் திறந்ததும், குக்கி வைக்கலாமா என்று கேட்டது. நான் யாரையும் கேட்டதில்லை. சரி என்று அழுத்தினேன்.

மே 3
காலையில் புதிதாக ஒன்று போட்டிருந்தாள். வலது கண்ணை மூடச் சொன்னால் இரண்டையும் மூடிக்கொள்கிற ஒரு பெரியவரைப் பற்றி. இரண்டு முறை படித்தேன். சாயங்காலம் அவள் உள்ளே நுழையும்போதே கேட்டேன், "அந்தப் பெரியவர் அப்புறம் கண்ணாடி வாங்கினாரா, இல்லையா?"
செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள்.