அடிமரம் இல்லாத மாதுளைகள்

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருக்கிறார். காம்பவுண்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு கரைத்தார். அந்த வாசனை ஹாலுக்குள் வந்ததும், ‘ஏங்க, கதவைச் சாத்துங்க’ என்று என் வாய் தானாக உங்களைக் கூப்பிட்டுவிட்டது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வாய்க்கு இன்னும் தெரியவில்லை.

வாரமெல்லாம் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவீர்கள். ஞாயிறானால் சுண்ணாம்பும் மணலும் குழைத்துக்கொண்டு நிற்பீர்கள். அந்தக் காலத்து ரோமாபுரிக்காரர்கள் வீட்டுச் சுவரிலேயே தோட்டம் வரைந்தார்களாம். இந்த ஹெப்பகோடி வீட்டில் செடி வைக்க இடமில்லை, நமக்கும் ஹால் சுவரில் இருக்கட்டும் என்றீர்கள்.

‘ஒரு டப்பா பெயிண்ட் வாங்கினா முடியற வேலை’ என்று கத்துவேன்.

‘அது மேல ஒட்டும்மா, இது உள்ள இறங்கும். ஈரம் காயறதுக்குள்ள கலர் வெச்சுட்டா செவுரே புடிச்சுக்கும்.’

அதனால் அன்றன்றைக்கு வரைய முடிகிற அளவுதான் பூசுவீர்கள். கலர் சொட்டும் என்று மேலிருந்துதான் ஆரம்பம். வானம், குருவிகள், மாதுளை மரங்களின் தலை எல்லாம் வந்துவிட்டன. மரம் அந்தரத்தில் தொங்குகிறதே என்று கேலி செய்தேன். ‘அடுத்த வாரம் கால் முளைக்கும்’ என்றீர்கள்.

அந்த ஞாயிறு கீழ்ப்பகுதியைப் பூசிவிட்டு, அடிமரத்துக்குக் காவி கரைத்துக்கொண்டிருந்தீர்கள். திடீரென்று நெஞ்சைப் பிடித்தபடி, மறு கையை ஈரச் சுவரில் ஊன்றிச் சரிந்தீர்கள். ஆட்டோவில் ஏற்றும்போதும், ‘காஞ்சிடப் போவுது, ஈரத்துணி போடு’ என்றீர்கள். துணி போட யாருக்கு நினைவிருந்தது? உங்களைக் கொண்டுவந்து ஹாலில் கிடத்தியபோது சுவர் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

‘இன்னாக்கா, மரம் பாதியில நிக்குது. வெள்ளை அடிச்சிடட்டா?’ என்று பெயிண்டர் கேட்டார். இருங்க என்று சொல்லி, உங்கள் டப்பாவில் மிச்சமிருந்த காவியைக் கரைத்து நானே ஓர் அடிமரம் வரைந்தேன். உங்கள் மரத்தை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று இருந்தது. காய்ந்ததும் தடவிப் பார்த்தேன். மரம் என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

‘கீழ மட்டும் கொத்திட்டுப் புதுசாப் பூசித் தரேங்க்கா. அப்ப புடிக்கும்’ என்று அவர் உளியை எடுத்தார். வேண்டாம் என்றேன். நான் சொன்ன வேகத்தில் அவர் பயந்தே போனார். நீங்கள் கை ஊன்றிய தடம் அங்கேதான் இருக்கிறது.

என் காவியைத் துடைத்து எடுத்துவிட்டேன். மாதுளைகள் தொங்கிக்கொண்டே இருக்கட்டும். தினமும் பெருக்கக் குனியும்போது அந்தத் தடத்தில் கை வைக்கிறேன். உங்கள் கை பெரியது. என் விரல்கள் ஐந்தும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.