ராய்கோவின் வலது அக்குள்

அன்பு மகள் இசுமிக்கு அப்பா எழுதுவது. இங்கே ஷிசுவோகாவில் அம்மாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனசில்தான் குறை, அதுவும் எனக்கு மட்டும், அதைக் கீழே எழுதுகிறேன். ஹாம்பர்க்கில் குளிர் இறங்கிவிட்டது என்று பேப்பரில் பார்த்தேன். அம்மா பின்னி அனுப்பிய கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே போகிறாயா, இல்லை அழகு கெட்டுவிடும் என்று பையிலேயே வைத்திருக்கிறாயா? அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. இந்த வருஷம் ஆரஞ்சு நிறையக் காய்த்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் கூடை கூடையாகக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மணி அடிக்காமல் ஓடிவிடுகிறார், திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்ற பயம். தின்று தின்று அம்மாவின் விரலெல்லாம் மஞ்சள். மாடியில் உன் அறை ஜன்னல் இறுகிப்போயிருந்தது, மெழுகு தேய்த்துச் சரி செய்துவிட்டேன்.

பார், விஷயத்துக்கு வராமல் ஜன்னல், ஆரஞ்சு என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். நேராகச் சொல்லிவிடுகிறேன் இசுமி. கன்பேயின் பொம்மைக் கடையில் நடந்த பிளாஸ்டிக் ரோபோ போட்டியில் உன் ராய்கோவுக்கு நான் போட்ட தொண்ணூற்றிரண்டு மார்க் பொய். அது உன்னுடையது என்று எனக்குத் தெரியும். பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது.

வழக்கம்போல எல்லா ரோபோவுக்கும் முன்னால் எண் மட்டும் எழுதிய சீட்டு, பெயர் கிடையாது. கன்பேயும், பெயிண்ட் வேலை பார்க்கும் அந்த இளைஞனும், நானும் நடுவர்கள். எத்தனையோ பேர் பளபளப்பான கதாநாயக ரோபோக்களாகச் செய்து வைத்திருக்க, நடுவில் இது மட்டும், டிவி தொடரில் எதிரிப் பக்கம் வந்து இரண்டாவது வாரமே அடிபட்டு விழும் அந்தக் குட்டைக்கால் ராய்கோ. எவனடா இதைப் போய் எடுத்தான் என்று சிரித்துக்கொண்டேதான் குனிந்தேன். தோள் தகட்டின் மேல் டார்ச்சைச் சாய்த்தேன். உப்புத்தாள் தேய்த்த மெல்லிய கீறல்கள் எல்லாம் இடமிருந்து சாய்ந்து போயின. வாழ்நாள் முழுக்கப் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகளை மெருகேற்றிப் பிழைத்தவன் நான், வலக்கைக்காரன் தேய்த்ததற்கும் இடக்கைக்காரி தேய்த்ததற்கும் வித்தியாசம் தெரியாதா? போதாததற்குப் பாதத்தின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில், தேய்ந்த செருப்பு மாதிரி குதிகாலில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி வைத்திருந்தாய். உன்னைத் தவிர வேறு யாருக்கு அந்தக் கிறுக்கு வரும்? அந்த இடத்திலேயே நான் ஒதுங்கியிருக்க வேண்டும். இது என் மகள் செய்தது, நான் மார்க் போடக் கூடாது என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. சந்தோஷம் தலைக்கேறிவிட்டது.

அப்புறம் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற அந்தச் சின்னக் கண்ணாடி, என்னிடம் இருப்பது உனக்குத் தெரியுமே. வலது அக்குளில், மேற்கையின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில், ஒட்டுக்கோடு அப்படியே திறந்திருந்தது. நகம் நுழையும். போட்டிக்கு வந்த பொம்மையைக் கையால் தொடக் கூடாது, சுழல் தட்டை மட்டும் திருப்பலாம், அதையும் மூத்த நடுவர்தான் திருப்ப வேண்டும் என்பது கன்பே கடை வழக்கம். மற்ற இருவரும் பார்க்க வந்தபோது நான்தான் திருப்பினேன். முன்பக்கம் காட்டினேன், இடப்பக்கம் காட்டினேன், முதுகைக் காட்டினேன், அதோடு நிறுத்திவிட்டேன். வலப்பக்கம் விளக்குக்கு வரவே இல்லை. நிற்கிற தோரணையைப் பாருங்கள், முழங்காலைப் பாருங்கள் என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே அவர்கள் கண்ணை வேறு பக்கம் இழுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இந்தக் கையால் அதைச் செய்தேன். முதல் பரிசு உன் எண்ணுக்கு வந்தது. இரண்டாமிடம் முராகோஷிக்கு, நகரப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணுக்கு. அவள் வைத்த நீல ரோபோவில் கண்ணாடியை எங்கே விட்டாலும் ஒரு கோடு கிடையாது.

இதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. கடையை மூடும் நேரத்தில் கன்பே என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், வாயெல்லாம் பல்லாக, அது உங்க பொண்ணு அனுப்பினது, உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா என்றான். நான் ஆச்சரியப்பட்டது போல நடித்தேன். அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் என்னைத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆக்கிவிட்டது. நாகோயாவில் இந்த மாதிரி பொம்மைகளுக்கு மூல மாதிரி செய்யும் பட்டறையில் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். சேருவதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் இதை அனுப்பினாயாம். எங்க அப்பா ஊரார் பொம்மையை எல்லாம் கிழிகிழின்னு கிழிப்பார், நான் எதைக் காட்டினாலும் நல்லா இருக்குன்னு ஒரே வார்த்தை, அவர் எனக்கு உண்மையைச் சொன்னதே இல்லை, என்னோடதுன்னு தெரியாம அவர் எண்பதுக்கு மேல போட்டா இங்க வேலையை விட்டுட்டு வர்றேன், இல்லேன்னா இந்த ஆசையையே விட்டுடறேன் என்றாயாமே. மாதக் கடைசியில் ராஜினாமா கொடுப்பாய் என்றும் சொன்னான். அவன் அதற்குள் உனக்குச் செய்தியும் அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலை உன் செய்தி வந்தது. என்னோடதுன்னு தெரியாமலே தொண்ணூத்திரண்டு போட்டிருக்கீங்கப்பா, இதுக்கு மேல எனக்கு என்ன வேணும் என்று. அதற்கு நான் என்ன பதில் அனுப்பினேன்? குனிந்து வணக்கம் சொல்லும் பூனைப் படம். அவ்வளவுதான். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், நீ வருகிறாய் இசுமி. நாகோயா ரயிலில் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவாய். ஒரு பொய்யை அப்படியே விட்டுவைத்தால் மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றால், எந்த அப்பனுக்குத்தான் வாய் திறக்கும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. போட்டியில் தட்டைத் திருப்பியது ஒரு நிமிஷத்து மயக்கம். ஆனால் அதற்குப் பிறகு வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அது தெரிந்தே செய்தது, என் சுகத்துக்காகச் செய்தது.

உன் அம்மா மாடியில் உன் மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு வேறு. புது உறை வாங்கிவந்திருந்தாள், ஊதா நிறம், உனக்குப் பிடிக்குமாம். அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை, படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் திட்டவில்லை. தட்டுவதை நிறுத்திவிட்டு மெத்தையை உள்ளே எடுத்து வைத்து ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம்தான் சொன்னாள்: “காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான், இல்லேங்கலை. ஆனா அவ காக்கைகிட்டயா கேட்டா? நடுவர்கிட்ட இல்ல கேட்டா. எனக்கும் அவ வரணும்தாங்க. இப்படி ஏமாந்து வர வேணாம்.” அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய்கூட வைக்கவில்லை, அது சரிதான்.

நேற்று கன்பேயிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவன் முகம் தொங்கிப்போயிற்று. உங்களைப் போய் நம்பினேனே என்றான், அவ்வளவுதான், அதுவே போதும். இனி நடுவர் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நானே சொன்னேன், அவன் தடுக்கவில்லை. உனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று கடைக் கதவில் அவன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறான், ஆகையால் உன் பெயருக்குப் பழுதில்லை. பிறகு முதல் பரிசுக்கான தங்க ரிப்பனை எடுத்துக்கொண்டு பேருந்துப் பணிமனைக்கு முராகோஷியைத் தேடிப் போனேன். சீருடையோடு நின்று கேட்டாள். நான் தலை குனிந்தபடியே இருந்தேன். அந்த அக்குள் கோட்டை நான் அன்னைக்கே பார்த்துட்டேன், எல்லாரும் போனப்புறம் குனிஞ்சு பார்த்தேன், ஹிராகுச்சி சான், உங்க கண்ணுக்கு இது எப்படித் தப்பிச்சுதுன்னுதான் புரியலை என்றாள். தெரிந்தே பேசாமல் இருந்திருக்கிறாள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

சரி. நீ கேட்டது உண்மை. ராய்கோவை கன்பேயிடமிருந்து வாங்கிவந்து, விளக்கின் கீழே வைத்து, ஊரார் பொம்மையைப் பார்ப்பது போலவே பார்த்தேன். வலது அக்குள் சொல்லிவிட்டேன். தோள் தகட்டில் பிளாஸ்டிக் ஆறும்போது விழுந்த பள்ளத்தை நிரப்பாமல் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறாய், வெளிச்சம் அங்கே வந்து வழுக்கி விழுகிறது. மார்புத் தகட்டின் முனையைத் தேய்த்துத் தேய்த்துச் சோப்புக் கட்டியாக்கிவிட்டாய். நீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்துகளுக்கு அடியில் காற்று நின்று மினுக்குகிறது. அவசரம், எல்லாம் அவசரம். முழங்கால் வேறு கதை. காலை அறுத்து நீட்டி, எடை முழுதும் குதிகாலில் இறங்குகிற மாதிரி நிறுத்தியிருக்கிறாயே, அடிபட்டு விழப்போகிறவன் கடைசியாக நிற்கிற நிலை அது, அதைப் பார்த்து என் கண் கலங்கியது பொய்யில்லை. ஆனால் நாகோயாவில் கேட்கப்போவது அது இல்லை. மூல மாதிரியில் ஒரு கோடு இருந்தால் அது அச்சில் இறங்கும், அச்சிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் போகும். பார்வை உனக்கு இருக்கிறது, பொறுமை இன்னும் வரவில்லை. வரலாம். இன்றைக்கு வரவில்லை. என் மதிப்பெண் எழுபத்து நாலு. எழுபத்தொன்பது என்று எழுதி அடித்தேன், எண்பத்தொன்று என்றும் ஒரு தாளில் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கத் தைரியம் இல்லை. நீ எங்கே இருந்தாலும் நல்ல உடம்போடும், ஏமாற்றாத மனிதர்களோடும் இருக்க வேண்டும், உன் இடது கை நோகாமல் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். மாதக் கடைசிக்குள் கிடைக்க வேண்டும் என்று இதைப் பெரிய தபால் ஆபீஸுக்கே கொண்டுபோய் அவசரத் தபாலில் போடுகிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இதைப் படித்ததும் நீ போன் செய்வாய். உன் குரலைக் கேட்டதும் எனக்கு மனசு இளகிவிடும், அதெல்லாம் ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கு, நீ கிளம்பி வந்துவிடு என்று கெஞ்சினாலும் கெஞ்சுவேன். நம்பாதே. எழுபத்து நாலு.

இப்படிக்கு,
உன்னை வரச் சொல்ல ஆசைப்படும் அப்பா,
ஹிராகுச்சி கன்ஜி